வாய் வைத்த பேணி

கடிதம் கிணற்றுக் கட்டின் மேல் இருந்தது. பறந்துவிடாமல் ஒரு கல் வைத்திருந்தார்கள்.

வீரம்மாதான் முதலில் கண்டாள். மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்க விடியவே வந்தவள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கல்லைத் தொடாமல் நின்று கூப்பிட்டாள்.

“பிரேமிளா. யாரோ கடுதாசி வச்சிட்டுப் போயிருக்காங்க.”

பிரேமிளா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பதினெட்டு வயது. பத்தாம் வகுப்புவரை படித்தவள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒருமுறை வாசித்தாள். திரும்பவும் மேலிருந்து வாசித்தாள்.

“என்னவாம்?”

“அப்பா வரட்டும்.”

“எங்கிட்ட சொல்லக்கூடாதா?”

“காணியைத் திருப்பிக் கேக்கினம் அம்மா.”

“எந்தக் காணிய?”

“இதைத்தான்.”

வீரம்மா வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். தண்ணீர் இறைப்பதை நிறுத்தவில்லை. நாலு பாத்தி மிச்சம் இருந்தது. வெயில் ஏறிவிட்டால் செடி வாடிவிடும்.

பழனியாண்டி மத்தியானம் வந்தார். குளத்துக்குக் கீழே வேறொருவரின் வயலில் அரிவி வெட்டப் போயிருந்தார். காலபோக அறுவடை முடிகிற மாசி மாதம். தாடியிலும் புருவத்திலும் வைக்கோல் தூசி. குரக்கன் ரொட்டியையும் சம்பலையும் முன்னால் வைத்துவிட்டு வீரம்மா சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்க்காமல் மகளைப் பார்த்தார்.

“யாரு போட்டிருக்காங்க?”

“யோகலிங்கத்தார்.”

“ஐயாவா?” அவர் சிரித்தார். “அது வேற யோகலிங்கமா இருக்கும்.”

“இந்த ஊரில வேற ஆர் அப்பா?”

“படி பாப்போம்.”

பிரேமிளா வாசித்தாள். கடிதத்தின் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. அவள் தாளை மடித்துவிட்டுத் தன் வாயால் சொன்னாள்.

“இது நாலு ஏக்கர் பங்குக்காணி. அவருக்கும் தங்கச்சி சிவலட்சுமியம்மாவுக்கும் சரிபாதி. பிரிச்சு எழுதேல்லை. அந்தம்மா தன்ர பாதியை எங்களுக்கு விக்க முதல் பங்காளியான தனக்கு அறிவித்தல் தரேல்லையாம். அதால அந்த விற்பனை செல்லாதாம். அதே விலையைக் கட்டித் தான் எடுக்கிறாராம். தேசவழமைப்படி.”

“அறிவிக்கலையா? கூடவே நின்னாரே.”

“எழுத்தில இல்லை.”

“தேசவழமைன்னா என்னா?”

“யாழ்ப்பாணத்துச் சட்டம். இந்தப் பக்கத்துக் காணிகளுக்கும் அதுதான். ஒல்லாந்தர் எழுதி வைச்சது. பள்ளிக்கூடத்தில படிச்சனான்.”

“ஒல்லாந்தர்னா?” என்றாள் வீரம்மா.

“வெள்ளைக்காரர். இங்கிலீசுக்காரருக்கு முதல் ஆண்டவை.”

“அவனுக்கும் நம்ம மிளகாத் தோட்டத்துக்கும் என்னாடி?”

பிரேமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பழனியாண்டி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது லொறி ஏறி வன்னிக்கு வந்தார். அப்போது பிரேமிளா வயிற்றில் இருந்தாள். கருங்காலிக்குளத்தில் இறங்கியவர்களுக்குக் கொட்டில் போட இடம் காட்டியவர் யோகலிங்கம். தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பம். பழனியாண்டி அவருக்குக் காடு வெட்டினார். வேர் பிடுங்கினார். நாலு ஏக்கரில் கிழக்குப் பக்கத்து இரண்டு ஏக்கர் சிவலட்சுமியின் பங்கு என்று வாயால் பிரித்திருந்தார்கள். அதையும் அவர்தான் வெட்டித் திருத்தினார். பன்னிரண்டு வருடம் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குச் செய்தார்.

போன வருடம் தை மாதம் சண்டை நின்றது. பாதை திறந்து சாமான் வந்தது. சீனி வந்தது. சிவலட்சுமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தன் பங்கைப் பழனியாண்டிக்கே எழுதிக் கொடுத்தாள்.

காணி உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு அன்றே கேட்டார்.

“மற்றப் பங்காளிக்கு அறிவித்தல் குடுத்தாச்சோ?”

யோகலிங்கம் வாசலில் நின்றார். “பங்காளி நான்தான். இஞ்ச நிக்கிறன். எனக்கு ஏன் அறிவித்தல்?”

“வேண்டாம் எண்டு ஒரு துண்டில எழுதித் தந்தால் நல்லது.”

“பழனி, என்னட்ட எழுதி வாங்கப் போறியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். பழனியாண்டிக்கு உடம்பு கூசியது. “ஐயோ, அதெல்லாம் வேணாங்க” என்றார்.

திரும்பி வரும்போது நடுவெயில். யோகலிங்கமும் தங்கச்சியும் காணியைப் பார்க்க வந்தார்கள். முற்றத்தில் கிடந்த முதிரைக் குற்றியில் அவர் உட்கார்ந்தார்.

“வீரம்மா, தேத்தண்ணி வையன். சீனி இருக்குதோ?”

வீரம்மா குசினிக்குள் போய் ஒரு நிமிடம் சும்மா நின்றாள். பதினேழு வருடத்தில் அந்த மனிதர் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. விடாய்த்தால் இளநீர் வெட்டச் சொல்வார். கத்தியும் அவருடையதாக இருக்கும். அவள் பிரேமிளாவுக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த புதுச் சில்வர் பேணியை எடுத்தாள். கழுவினாள். புளி போட்டு இன்னொருமுறை கழுவினாள்.

சிவலட்சுமி தனக்கு விரதம் என்றாள். யோகலிங்கம் பேணியை வாங்கினார். அவருடைய ஆட்கள் பிற இடத்தில் குடித்தால் அண்ணாந்துதான் ஊற்றுவார்கள். அவர் வாய் வைத்துக் குடித்தார். அடிவரை குடித்தார். “நல்ல சாயம்” என்றார்.

அன்று பின்னேரம் பிரேமிளா சொன்னாள், “ஒரு துண்டில எழுதி வாங்கியிருக்கலாம் அப்பா.”

“வாய் வச்சுக் குடிச்ச மனுசங்கிட்ட கடுதாசி கேக்கிறதா?” என்றார் பழனியாண்டி. “இதவிட என்ன எழுத்து வேணும் ஒனக்கு?”

அந்தப் பேணியில் அதன் பிறகு வீட்டில் ஒருவரும் குடிக்கவில்லை. ஐயாவின் பேணி என்று தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஆடியில் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். எட்டு அடிக்குச் சிவப்பு மண். பிறகு சரளை. பதினைந்தாவது அடியில் பாறை. வெடி வைக்க அனுமதி கிடையாத காலம். பழனியாண்டி பாறையின் மேல் விறகடுக்கி எரித்தார். கல் பழுத்ததும் தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும். வெடித்த இடத்தில் அலவாங்கால் நெம்புவார். தண்ணீரை வீரம்மா குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். கல்லைக் கடகத்தில் நிறைத்துத் தாயும் மகளும் கப்பியில் இழுத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு விரல் ஆழம். யோகலிங்கம் சில நாட்களில் வந்து குனிந்து பார்ப்பார்.

“பழனி, மற்றப் பக்கத்தால வெளிய வந்திடுவாய் போல.”

“வந்தா சொல்லி அனுப்புறேங்க ஐயா.”

புரட்டாதி முடிவில், முப்பத்திரண்டாவது அடியில், பாறை வெடிப்பிலிருந்து நீர் கசிந்தது. யோகலிங்கம் தேங்காய் கொண்டுவந்து உடைத்தார்.

இரண்டு கிழமை கழித்து, மறுபடி மூண்ட சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சனம் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்துகொண்டே இருந்தது.

கடிதம் வந்த அன்று பின்னேரம் யோகலிங்கத்தின் முற்றத்தில் நடக்க இடமில்லை. பாய், சூட்கேஸ், தையல் மெசின், சைக்கிள். பழனியாண்டி வேலியோரம் நின்றார். யோகலிங்கம் அவரைக் கண்டு எழுந்து வந்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“கடுதாசி பாத்தேங்க.”

“மருமோன் எழுதினது. விஜிதரன். அவன் அங்க காணிக் கந்தோரில கிளாக்கர்.”

“உங்க கையெழுத்துன்னு புள்ள சொல்லிச்சு.”

“கையெழுத்து என்ரதான்.”

பழனியாண்டி தலையைச் சொறிந்தார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

“உள்ளுக்குப் பார் பழனி. இருபத்தொரு பேர். குசினிக்குள்ளயும் படுக்குதுகள். மகள் அருந்ததியின்ர கடைக்குட்டிக்கு மலேரியா. மழை வந்தால் மாட்டுக் கொட்டிலுக்குள்ள கொண்டுபோய்ப் போடுறம்.”

“அருந்ததி புள்ளைங்க வந்து நம்ம காணியில இருக்கட்டுங்க. நானே கொட்டில் போட்டுத் தர்றேன். தண்ணி கெடக்கு. யாரு வேணாம்னா?”

“அது சரிவராது.”

“ஏங்க?”

“உன்ர காணியில, உன்ர கிணத்தில, உன்னட்டக் கேட்டு இருக்கிறதோ அவை?”

பழனியாண்டி அதை யோசித்துப் பார்த்தார். அதில் என்ன குறை என்று அவருக்கு விளங்கவில்லை.

“நாங்க எங்கீங்க போறது?”

“உனக்குக் காடு கிடக்கு. நீ காடு வெட்டத் தெரிஞ்சவன். மருமோன் பேனை பிடிச்ச கை. அவன் என்னத்தை வெட்டுவான்?” யோகலிங்கம் அவருடைய தோளைத் தட்டினார். “உன்னைப்போல வேலைகாரன் இந்த வன்னியில இல்லை. நான் எல்லாருக்கும் சொல்லுறனான்.”

பழனியாண்டி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வீரம்மா கேட்டாள், “தட்டினாரா?”

“தட்டினாரு.”

“வாங்கிட்டு வந்துட்டீங்களா?”

அவர் அடுப்படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். வீரம்மா கிளம்பினாள்.

இடம்பெயர்ந்து வந்திருந்த சிவலட்சுமி அண்ணன் வீட்டுப் பின்புறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். விதவை. பிள்ளைகள் இல்லை. எண்பத்தேழில் அவளுக்கு அம்மாள் வருத்தம் போட்டபோது இந்த ஊரில்தான் இருந்தாள். வீட்டுக்காரர்கள் விலகி இருந்தார்கள். பதினாறு நாள் வேப்பிலையும் தண்ணீருமாகப் பக்கத்தில் இருந்தவள் வீரம்மா.

“அம்மா, நீங்கதானே வித்தீங்க. அண்ணனுக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை ஊர்ச் சபையில சொன்னா போதும்.”

சிவலட்சுமி சுளகை வைத்தாள். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“தெரியும்தானே. அவர் பக்கத்தில நிண்டவர். நான் சொல்லுறன்.”

“தேத்தண்ணி குடிச்சதையும் சொல்லுங்கம்மா.”

“ஓம். வாய் வைச்செல்லோ குடிச்சவர். எனக்கே புதினமாக் கிடந்தது.” அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வீரம்மா, நீ முன் வாசலால வந்தனியோ?”

“பின்னாலதாம்மா வந்தேன்.”

“அப்படியே போ. ஆரும் பாத்தால் கதை வரும். நான் இஞ்ச ஒரு மூலையில படுக்கிறன், தெரியும்தானே.”

வீரம்மா வேலியில் இருந்த பொட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தாள்.

பிணக்குகளைத் தீர்க்க ஊரில் மூன்று பேர் கொண்ட சபை இருந்தது. சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் கூடும். இரண்டு பேர் வயல் செய்யும் கமக்காரர். மூன்றாமவர் கணபதி. நொத்தாரிசு ஒருவரிடம் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். சட்டம் தெரிந்தவர் அவர்தான் என்பதால் மற்ற இருவரும் அவரைப் பார்த்தே தலையாட்டுவார்கள். அவருடைய மடியில் துணியால் அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் இருந்தது.

ஒரு பக்கத்து வாங்குகளில் யோகலிங்கத்தின் ஆட்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தங்கள். வெள்ளை வேட்டிகள் மங்கியிருந்தன. சவர்க்காரம் இல்லாத காலம். மற்றப் பக்கத்து வாங்கில் வீரம்மாவும் பிரேமிளாவும் மட்டும். பழனியாண்டி நின்றார்.

“இருங்கோ” என்றார் கணபதி.

“பரவால்லீங்க.”

“சட்டம் என்னெண்டால், பங்குக்காணியை வெளியாளுக்கு விக்கிறதெண்டால் முதல் பங்காளிக்குச் சொல்லவேணும். அவர் வேண்டாமெண்டால்தான் மற்றவைக்கு. சொல்லாமல் வித்தால் பங்காளி அதே விலை கட்டி மீட்கலாம். வருசம் தாண்டிப் போச்சு எண்டு சில பேர் சொல்லுவினம். கடுதாசி இப்ப வந்தாலும் வழக்கு மார்கழியிலயே பதிஞ்சது. அது சரி.”

“சொன்னோங்க. நொத்தாரிசு வீட்டு வாசல்ல நின்னாரு.”

“நிண்டது வேற. அறிவித்தல் வேற.”

“கெணறு வெட்டுனப்ப வந்து பாத்தாருங்க. தேங்கா ஒடச்சாரு.”

“அது பக்கத்துக் காணிக்காரன்ர அன்பு.” கணபதி இதை மனம் வருந்தித்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. புத்தகத்தை விரித்தார். “இது நேற்று வந்ததில்லை. இருநூற்றித் தொண்ணூறு வருசம். இஞ்ச ஆண்ட ஒல்லாந்தர் எங்கட வழக்கங்களை ஒரு அதிகாரியைக் கொண்டு எழுதுவிச்சவை. யாழ்ப்பாணத்து முதலிமார் பன்னிரண்டு பேர் பாத்துச் சரியெண்டு சொன்னவை. அவங்கட பெரிய கந்தோர் பத்தாவியாவில இருந்தது. இப்பத்தை இந்தோனேசியா. அந்தத் தீவுகளையும் இஞ்சையையும் அங்க இருந்துதான் ஆண்டவங்கள். ஆனால் பிழையில்லாத வேலைகாரர். அந்தக் காலத்தில காணி விக்கிறதை மூண்டு ஞாயிற்றுக்கிழமை தங்கட கோயில்ல சத்தமா வாசிக்க வைச்சவங்கள்.”

“சத்தமாவா?”

“ஓம். ஊருக்கே கேக்க.”

“அது நல்லதாத்தானே இருந்திருக்கு” என்றார் பழனியாண்டி.

கமக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்தினார்.

“அப்ப எங்காளுக எங்கீங்க இருந்தாங்க?”

“நீங்கள் அப்ப வரேல்லை. உங்களை இங்கிலீசுக்காரன்தான் கொண்டுவந்தவன். அதுக்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல கழிச்சு.”

“எங்களுக்குன்னு யாராச்சும் எழுதி வச்சாங்களாங்க?”

கணபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தைப் புரட்டினார். பிரேமிளா எட்டிப் பார்த்தாள்.

“அதில ‘அடிமைகள்’ எண்டு ஒரு தலைப்பு இருக்கு” என்றாள்.

“அது பழசு பிள்ளை. ஆர் ஆற்ற அடிமை, அவையின்ர பிள்ளை ஆருக்குச் சொந்தம் எண்டதெல்லாம் எழுதிக் கிடக்கு. இங்கிலீசுக்காரன் வந்து அதை எடுத்துப்போட்டான்.”

“இதை ஏன் எடுக்கேல்லை?”

“எதை?”

“நீங்கள் வாசிச்சதை.”

கணபதி புத்தகத்தை மூடினார். “இதால ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டு நினைச்சிருப்பான்.”

பிறகு பழனியாண்டியிடம் திரும்பினார். “எழுத்து இல்லை. சரி. அவர் சம்மதிச்சவர் எண்டதுக்கு வேறை ஏதும் இருக்கோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. இருந்தால் நான் பாக்கிறன்.”

பழனியாண்டி யோசிக்கவில்லை. அதைத்தான் அவர் ஒரு கிழமையாக வைத்திருந்தார்.

“ஐயா எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சாருங்க. உறுதி எழுதுன அன்னைக்கு. சில்வர் பேணியில. வாய் வச்சுக் குடிச்சாரு.”

 வேட்டிக்காரர்களின் வாங்கில் ஒரு கதிர் அசைந்ததுபோல் தலைகள் திரும்பின. கிழவர் ஒருவர், அருந்ததியின் மாமனார், யோகலிங்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காணி இல்லை.

“என்ன யோகலிங்கம்?” என்றார் கணபதி. “அப்படி நடந்ததோ?”

யோகலிங்கம் எழுந்தார். பழனியாண்டி அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். நினைவுபடுத்துவதுபோல.

“நான் இவையின்ர வீட்டில பச்சத்தண்ணியும் குடிச்சதில்லை” என்றார் யோகலிங்கம். “எக்காலத்திலும் இல்லை.”

“ஐயா?” என்றார் பழனியாண்டி.

“தோட்டக்காட்டுச் சனம். கதை கட்டுதுகள்.”

வீரம்மா எழுந்து நின்றாள். “அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

சிவலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு தோளையும் மூடினாள்.

“நான் அண்டைக்கு விரதம்” என்றாள். “கவனிக்கேல்லை.”

கணபதி எழுதினார். எழுதியதை முறைப்படி வாசித்தும் காட்டினார். “எதிராளியின் வீட்டில் தாம் எக்காலத்திலும் தண்ணீரும் அருந்தியதில்லை என மனுதாரர் கூறுகிறார். அதற்கு மறுப்பான சாட்சி இல்லை.”

முடிவும் அன்றே வந்தது. உறுதியில் எழுதியிருந்த தொகை திரும்பக் கிடைக்கும். மூன்று கிழமையில் காணியைக் கையளிக்கவேண்டும். கிணற்றைப் பற்றிப் பழனியாண்டி கேட்டார்.

“உறுதியில கிணறு இல்லை” என்றார் கணபதி. “வித்த அண்டைக்குக் கிணறு இருக்கேல்லைத்தானே.”

“இல்லீங்க. அன்னைக்கு இல்ல.”

வீடு திரும்பும் வழியில் குளக்கட்டில் ஏறியபோது பழனியாண்டி நின்றார்.

“குடிச்சாருல்ல?” என்று வீரம்மாவைக் கேட்டார்.

“குடிச்சாரு.”

“எனக்கே சந்தேகமாப் போச்சு.”

பங்குனி வெயில். மிளகாய் பழுக்கத் தொடங்கியிருந்தது. பழுத்ததை மட்டும் பறித்துச் சாக்கில் கட்டினார்கள். பச்சை செடியில் நின்றது. வீரம்மாவின் தம்பி மாயாண்டி மாட்டு வண்டி கொண்டுவந்தான். அவன் குளத்துக்குப் பின்னால் காட்டோரம் இருந்தான். அங்கே ஆனை வரும். தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கவேண்டும்.

கையளிக்கிற நாள் சபையின் மூன்று பேரும் வந்தார்கள். யோகலிங்கமும் மருமகன் விஜிதரனும் வந்தார்கள். விஜிதரன் அளவுநாடாவைப் பிடித்து எல்லையெல்லாம் நடந்தான். முட்கள் காலில் ஏறின. ஒவ்வொரு கட்டையாகப் பழனியாண்டியே காட்டிக்கொடுத்தார். ஓரிடத்தில் நாடா எல்லைக்கு உள்ளே குறைவாக விழுந்தது. “இல்லீங்க தம்பி, கட்டை அந்தப் பக்கம்” என்று நகர்த்தி வைத்தார். முடிய மத்தியானமாகிவிட்டது.

எல்லோரும் கிணற்றடிக்கு வந்தார்கள். வேறு நிழல் இல்லை. வீரம்மா தண்ணீர் அள்ளினாள். தட்டில் கவிழ்த்திருந்த சில்வர் பேணியை எடுத்துவந்தாள். முதலில் கணபதிக்குக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். கமக்காரர்கள் குடித்தார்கள். விஜிதரன் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான். “நல்ல ருசி” என்றான்.

அவள் பேணியை நிறைத்து யோகலிங்கத்திடம் நீட்டினாள்.  

அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவர் பேணியைப் பார்த்தார். கணபதியைப் பார்த்தார். கணபதி புத்தகப் பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தாகமில்லை” என்றார் யோகலிங்கம்.

வீரம்மா அந்தத் தண்ணீரை மிளகாய்ச் செடியின் அடியில் ஊற்றினாள்.

சபைக்காரர் போனார்கள். விஜிதரன் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சைக்கிளில் போனான். யோகலிங்கம் முதிரைக் குற்றியில் உட்கார்ந்திருந்தார். மாயாண்டி வண்டியில் பானை, பாய், மண்வெட்டி, அலவாங்கு, சாக்குகளை ஏற்றினான். கடைசியாகப் பழனியாண்டி கிணற்றுத் தூணில் ஏறிக் கப்பியைக் கழற்றினார். பிரேமிளா கயிற்றைச் சுற்றினாள். முப்பத்திரண்டு அடியும் மேலே நாலு முழமும். வீரம்மா வாளியைத் துடைத்து வண்டியில் வைத்தாள்.

யோகலிங்கம் எழுந்து வந்தார்.

“பழனி, கயிறை விட்டிட்டுப் போ. பிள்ளையள் பின்னேரம் வருகுதுகள்.”

பழனியாண்டி நின்றார். பழக்கத்தில் கை வண்டிப் பக்கம் போனது.

“கயிறு உறுதியில இல்லீங்க ஐயா” என்றாள் வீரம்மா.

யோகலிங்கம் அவளைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவள் அவருக்கு நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. எச்சில் விழுங்க முயன்றார். 

“சரி. ஒரு வாய் தண்ணி அள்ளித் தந்திட்டுப் போ. நெஞ்சு அடைக்குது.”

“நீங்க எங்க வீட்டுல தண்ணிகூட குடிச்சதில்லைன்னு எழுதியிருக்குங்களே.”

“வீரம்மா.”

“எழுதுனதுக்கு மாறா நாங்க எப்பிடிங்க தர்றது?”

அவள் இடுப்பில் செருகியிருந்த சில்வர் பேணியை எடுத்தாள். முந்தானையால் உள்ளும் வெளியும் துடைத்தாள். கிணற்றுக் கட்டில், கடிதம் இருந்த இடத்தில், வைத்தாள்.

“இது உங்களோடதுங்க. ஒரு வருசமா வேற யாருக்கும் குடுத்ததில்ல. இன்னைக்குத்தான் அவங்களுக்குக் குடுத்தேன்.”

மாயாண்டி மாட்டைத் தட்டினான். வண்டி படலையைக் கடந்தது. பழனியாண்டி ஒருமுறை திரும்பப் பார்த்தார். வீரம்மாவும் பிரேமிளாவும் திரும்பவில்லை.

யோகலிங்கம் பேணியைக் கையில் எடுத்தார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக் குனிந்தார். பாறை வெடிப்பிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கீழே தண்ணீர் நிறைந்து கிடந்தது.